மூன்று வயதுக்கு ஒரு இன்டர்வியூ

ஆப்பிள் என்ன நிறம் என்று கேட்டால் சிவப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக வீட்டில் இதுதான் ஒத்திகை. பள்ளியில் ஆசிரியை மேஜைமீது எடுத்து வைப்பது பச்சை ஆப்பிள். குழந்தை ஆப்பிளைப் பார்க்கிறது, அம்மாவைப் பார்க்கிறது, அதன் பிறகு வாயே திறப்பதில்லை. தில்லியின் ஜனவரிக் குளிரில் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

தலைநகரின் நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன காட்சி. 2017-ல் வந்த 'ஹிந்தி மீடியம்' படத்தில், மகளைப் பெரிய பள்ளியில் சேர்ப்பதற்காக இர்ஃபான் கான் தம்பதி பயிற்சியாளரிடம் போய் எப்படி உடுத்துவது, எப்படிப் பேசுவது என்று பாடம் கேட்பார்கள். தியேட்டரில் சிரித்தவர்களில் சிலராவது அதே பாடத்தைக் காசு கொடுத்துக் கேட்டவர்களாக இருந்திருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரு இன்டர்வியூ நடக்கவே கூடாது. நர்சரியில் சேர்க்கத் தேர்வும் நேர்முகமும் வைப்பதை ஒழிக்க வேண்டும் என்று யஷ்பால் குழு 1993-லேயே சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றம் அமைத்த அசோக் கங்குலி குழுவின் யோசனைகளைத் தொடர்ந்து 2007-ல் தில்லியில் நர்சரி சேர்க்கைக்கென்று தனி ஆணை வந்தது. குழந்தையின் பதில்களுக்குப் பதிலாக வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம், அதே பள்ளியில் படிக்கும் அண்ணன் அக்கா, பெற்றோர் அங்கு படித்தவர்களா என்பதற்கெல்லாம் புள்ளிகள் வந்தன. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் கறார். குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 வரை.

ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானவர்களுக்கானது. நர்சரிக்கு வருவது 3 வயது. இந்த ஓட்டையை அடைக்க தில்லி சட்டமன்றம் 2015-ல் மசோதா நிறைவேற்றி மத்திய அரசுக்கு அனுப்பியது. அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. சீக்கிரம் முடிக்கச் சொல்லிப் போட்ட வழக்கும் 2023-ல் தள்ளுபடியாயிற்று.

எனவே முன்வாசல் வழியாக வெளியேறிய இன்டர்வியூ, 'இன்டராக்‌ஷன்' என்று பெயர் மாற்றிக்கொண்டு பின்வாசலில் எட்டிப் பார்ப்பதாகப் பெற்றோரின் புகார் ஓயவில்லை. புள்ளி முறையும் பள்ளிகளின் கற்பனைக்குத் தீனி போட்டது. பெற்றோர் சைவமா, சிகரெட் பிடிப்பவர்களா, மது அருந்துபவர்களா என்றுகூட சில பள்ளிகள் பார்த்தன. 2016 ஜனவரியில் தில்லி அரசு இப்படிப்பட்ட 62 அளவுகோல்களை ரத்து செய்தது. நிர்வாக ஒதுக்கீடு உள்ளிட்ட சிலவற்றின் மீதான ரத்துக்கு அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தில் தடை கிடைத்தது.

'சும்மா ஒரு தடவை குழந்தையோடு வந்து போங்கள்' என்று அழைப்பு வந்தால் என்ன செய்வது? சட்டம் பேசி மறுக்கலாம். சீட்டு அவர்கள் கையில் இருக்கும்போது அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது. அதைக் குறை சொல்லவும் முடியாது. போவதென்றால், முதலில் ஒத்திகையை நிறுத்திவிட வேண்டும். மனப்பாடம் செய்த பிள்ளையை ஆசிரியைகள் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் வீட்டில். சரியான பதிலுக்கு மட்டும்தான் அம்மா முகம் மலரும் என்று தெரிந்துகொண்ட குழந்தை, தெரியாததைக் கேட்பதையே விட்டுவிடுகிறது. அந்த இரண்டு மாதம் கதை சொல்லலாம், பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம், பாட்டி இல்லாத அறையில் அரை மணி நேரம் இருந்து பழக்கலாம். வகுப்பில் உட்காரப் போகிற பிள்ளைக்கு உபயோகப்படுவது இதுதான்.

அங்கே உண்மையில் எடைபோடப்படுவது பெற்றோர். குழந்தையிடம் கேட்டதற்குத் தாங்கள் பதில் சொல்வது, பின்னாலிருந்து கிசுகிசுப்பது, 'வீட்டில் நன்றாகச் சொல்வானே' என்று வாதாடுவது எதுவும் வேண்டாம். பேசவில்லையா, பேசாமல் இருக்கட்டும். புது முகத்தைப் பார்த்து மூன்று வயதுப் பிள்ளை அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிவது குறையல்ல. அதைக் குறையாக எழுதிக்கொள்ளும் பள்ளியைப் பற்றிப் பெற்றோரும் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளலாம். தெரிந்த மந்திரியின் பெயரை இழுப்பதும், வராத ஆங்கிலத்தை வரவழைப்பதும் காரியத்தைக் கெடுக்கும். 'ஏன் இந்தப் பள்ளி?' என்றால் வீட்டுக்குப் பக்கம் என்பது நேர்மையான பதில். புள்ளிக் கணக்கிலும் அதற்கு இடம் உண்டு.

கேட்கப் போகிறவர்களாகவும் பெற்றோர் போக வேண்டும். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? கழிப்பறைக்கு யார் கூட்டிப் போவார்கள்? பஸ்ஸில் ஆயா உண்டா? வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு? நன்கொடை என்ற பேச்சு எழுந்தால் எழுத்தில் கேட்பது நல்லது. பல நேரம் பேச்சு அத்தோடு நின்றுவிடும். பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் நகலோடு பையில் இருக்கட்டும். ஒரே பள்ளியை நம்பி இருக்காமல் பக்கத்தில் உள்ள நாலைந்துக்கு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். புள்ளிகள் சமமானால் கடைசியில் பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கல்தான். அதற்கு எந்தப் பயிற்சி மையத்திலும் பாடம் இல்லை.

நேரம் பகல் பதினொன்றரை என்று வந்தால், அது பிள்ளை தூங்கும் நேரமா என்று பார்த்து, வேறு நேரம் கேட்டு ஒரு போன் செய்துவிடலாம். திரும்பி வரும் வழியில் 'ஏன் சொல்லவில்லை?' என்று கேட்க வேண்டாம். பிஸ்கட் பொட்டலம் ஒன்று கையோடு இருக்கட்டும். அதற்குள் பிள்ளைக்குப் பசி வந்திருக்கும்.