அது அழவில்லையே என்பவர்களுக்கு

‘வாயில்லா ஜீவன்’ என்று இரக்கத்தோடு சொல்கிறோமே, அந்தத் தொடரில் ஒரு சூது ஒளிந்திருக்கிறது. வாயில்லை என்று நாமே முதலில் தீர்ப்பெழுதிவிடுகிறோம். பிறகு, அது அழவில்லையே, வலி எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம்.

பெரம்பலூரில் நம்மோடு பணிபுரியும் நண்பர் வீட்டில் பத்து மாத லாப்ரடார் ஒன்று வளர்கிறது. சில வாரங்களாக எழும்போது தடுமாறுகிறது. ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல்போல் தத்துகிறது. மாடிப்படியைக் கண்டால் நின்றுவிடுகிறது. எக்ஸ்ரேயில், தொடையெலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. ‘ஹிப் டிஸ்பிளேசியா’ என்பார்கள்; பெரிய இன நாய்களிடம் பரம்பரையாக வருவது. கால்நடை மருத்துவர் வலிக்கு மெலாக்சிகம் எழுதிக்கொடுத்தார். சீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மருந்துதான் வாங்கப்படவில்லை.

காரணங்கள் ஆசிரியர் அறையில் அலசப்பட்டன. குட்டிதானே, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். தசை வலுப்பெற்றால் நொண்டல் குறையலாம். மூட்டின் அமைப்பு மாறிவிடாது. இன்னொருவர் சொன்னதுதான் நம்மை உறுத்துகிறது: ‘வலி இருக்கட்டும் சார், அப்போதுதான் அடங்கிக் கிடக்கும்.’ கேட்பதற்கு அறிவியல்போல் ஒலிக்கும் கொடுமை இது. துள்ளிக் குதிப்பதைத் தடுக்க வேண்டும் என்பது சரி. அதற்குக் கழுத்துவார் இருக்கிறது. வலியையே வாராகக் கட்டினால் நாய் நடக்காது. நடக்காத நாயின் தொடைத் தசை கரையும். தளர்ந்த மூட்டைத் தாங்குவது அந்தத் தசைதான். தவிர, நீண்டநாள் வலி நரம்புகளையே கூருணர்வு கொள்ளச் செய்து, சிறு வலியையும் பெருவலியாக்கும். அடங்கிக் கிடக்கிறது என்று நாம் மகிழும் நாள்களில் நோய் முற்றுகிறது.

நண்பரின் அச்சம் வேறு: இந்த வயதிலேயே தொடங்கினால் சிறுநீரகம் என்னாகும்? இது நியாயமான கேள்வி, மறுக்க மாட்டோம். மெலாக்சிகம் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியதுதான். அதனால்தான் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை, எடைக்கேற்ற அளவு, உணவோடு கொடுத்தல் எல்லாம். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வாந்தியோ, கறுத்த மலமோ, உணவு மறுப்போ கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். வலியை அடக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று அவர் பார்த்துக் குறைப்பார்.

ஆனால் சிறுநீரகத்துக்காக இவ்வளவு கவலைப்பட்ட அதே வீட்டில், ஓர் இரவு குட்டி முனகியபோது, தாத்தாவின் மூட்டுவலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். டைக்ளோபினாக்! கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்ததே காரணம். மனிதர்களுக்கான ஊசிமருந்துக் குப்பியை 3 மி.லி. அளவுக்குச் சுருக்கிய 2015ஆம் ஆண்டு ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் உறுதிசெய்தது. பாறுகளுக்குப் பாதுகாப்பான மாற்றென்று அறியப்பட்டது எது தெரியுமா? அலமாரியில் சீட்டாகக் கிடக்கும் அதே மெலாக்சிகம். டைக்ளோபினாக்கும் ஐபுபுரூபனும் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சீட்டு எழுதிய மருந்துக்கு அஞ்சுகிறோம், சீட்டில்லாத மருந்துக்கு அஞ்சுவதில்லை.

காசு செலவில்லாத வைத்தியமும் உண்டு. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 25 விழுக்காடு குறைவாக உண்டவற்றுக்கு மூட்டுநோய் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. ஏறத்தாழ 2 ஆண்டு கூடுதலாகவும் வாழ்ந்தன. நம் வீடுகளிலோ அன்பென்றால் இன்னொரு கவளம் நெய்ச்சோறு. வழுக்கும் டைல்ஸ் தரையில் ஒரு கோணிச்சாக்கை விரிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

தொல்காப்பிய மரபியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். உயிர்களின் அறிவுகளில் முதலாவதாக வைக்கப்படுவது உற்றறிதல். புல்லுக்கும் மரத்துக்கும் உரியது. பேச்சு அந்த வரிசையிலேயே இல்லை. இதை மாணவர்க்கு விளக்கிவிட்டு வந்து, ‘அடங்கிக் கிடக்கும்’ என்றவருக்குத் தலையாட்டியவர்களில் நாமும் உண்டு. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

அடுத்த வாரம் துறையூர் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குட்டியைக் கொண்டுபோக நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அலமாரியிலுள்ள சீட்டையும், தாத்தாவின் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம்.