அந்த 75 நாளும் வேலைதான்



சென்ற வருடம் மே மாத மழையில், எங்கள் பாடசாலையில் பத்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை கால் முறிந்து விழுந்தாள். பாடசாலை விட்டு வரும் வழியில், தேயிலை மலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதைப் படியில் வழுக்கி, கீழே இருந்த கானுக்குள் போய் விழுந்தாள். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை விரித்து அதில் கிடத்தி, ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். 1990 அம்புலன்ஸ் வந்தது. ஒரு சதம் வாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. டாக்டர்மார் எலும்புக்குள் கம்பி வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்கும் காசு இல்லை. இலவச வைத்தியம் நம்முடைய நாட்டில் இருக்கிற பெரிய கொடை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

23 ஆம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். பெயரையும் தோட்டத்தையும் எழுத வேண்டாம் என்று அந்தப் பிள்ளையின் அம்மா கேட்டுக்கொண்டார். "மத்ததெல்லாம் எழுதுங்க டீச்சர், நாலு பேருக்கு ஒதவும்" என்றார்.

ஆஸ்பத்திரி எலும்பைப் பொருத்தியது. பிள்ளையை எழுப்பி நடக்க வைத்தது வீடு. அது எவ்வளவு பெரிய வேலை என்று பக்கத்தில் இருந்து பார்க்கும் வரை எனக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு கிழமையும் வரவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டவள்தான் நானும்.

வீடு என்றால் லயத்தில் ஒரு காம்பரா. முன்னால் இஸ்தோப்பு. ரோட்டில் இருந்து லயத்துக்கு 64 படி. கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், மேட்டில். காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்ட 15 வயதுப் பிள்ளை அங்கே எப்படிப் போவாள்? அம்மா தூக்கிக்கொண்டு போனார். அம்மாயி செம்பில் தண்ணீரோடு பின்னால் போனார். வயது வந்த பிள்ளைக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். அவள் யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடிக்காவிட்டால் போகத் தேவையில்லை அல்லவா? பத்து நாளில் காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமி என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அன்று ராத்திரியே மாமா ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, அடியில் வாளி வைத்து, காம்பராவின் மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டிக் கொடுத்தார். செலவு ஒரு கதிரையின் விலை. துண்டு வெட்டுகிற அன்றே, உங்கள் வீட்டில் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் அந்தக் காய்ச்சலே வந்திருக்காது.

அடுத்தது உடற்பயிற்சி. முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வேண்டும். செய்யாமல் விட்டால் கால் விறைத்துப்போகும். ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சிங்களத்தில் சொன்னார்கள். அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு சிங்களத் தாய் தன் காலை மடக்கிக் காட்டி விளங்க வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு தம்பிதான் வாத்தியார். ஆறாம் ஆண்டு படிக்கிற பயல், சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு எத்தனை தடவை என்று கணக்கு வைத்தான். ஊன்றுகோலோடு படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று அவன் சொல்லித்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

மனதுக்குப் பட்ட அடியும் இருந்தது. ஒரு மாதம் அவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஐயோ பாவம், பொம்பளப் புள்ள, இனி யாரு கட்டுவா" என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்கள். தயவு செய்து அப்படிப் பேசாதீர்கள். கால் முறிந்தது மே மாதம். பாடசாலைக்கே இனிப் போக மாட்டேன் என்று அவள் சொன்னது ஜூன் மாதம், அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு. அவளைத் திருப்பியவர்கள் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். சனிக்கிழமைதோறும் கொப்பிகளோடு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து பாடம் எழுதினார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். நானும் கிழமைக்கு ஒரு நாள் போய்க் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். அவள் திரும்பி வரும் அன்று அதிபர் பத்தாம் வகுப்பைக் கீழ் அறைக்கு மாற்றிவிட்டார். ஒரு மேசை கதிரை மாற்றும் வேலைதான், ஆனால் அதைச் செய்திராவிட்டால் அவள் படிப்பு நின்றிருக்கும்.

இனிக் கணக்குக்கு வருகிறேன்.

அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. பத்து நாள் நின்றார். அதற்கு மேல் நின்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று திரும்பிப் போனார். ஆகவே பிரட்டுக்குப் போகாமல் நின்றது அம்மா. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக அவர் இழந்தது 75 பேர். அப்போது நாள் சம்பளம் 1,350 ரூபாய். பெருக்கிப் பாருங்கள்: 101,250 ரூபாய். பஸ்ஸில் ஏற முடியாத பிள்ளையை ஒன்பது தடவை கிளினிக்குக் கொண்டுபோய் வர, தடவைக்கு 4,500 ரூபாய் வீதம் த்ரீவீலருக்கு 40,500 ரூபாய். இரண்டும் சேர்த்து 141,750 ரூபாய். கைகாசு வருமானம் போனது தனி. அந்த 75 நாளுக்குக் கம்பனி போட வேண்டிய 12 வீத சேமலாப நிதி 12,150 ரூபாயும் அவர் கணக்கில் விழவில்லை. காதுத் தோடு அடகுக் கடையில் இருக்கிறது. இன்று காதில் ஈர்க்கைச் செருகிக்கொண்டுதான் மலைக்குப் போகிறார்.

இலவச வைத்தியத்தில் ஒரு பிள்ளை குணமாகி வந்ததற்கு அந்தக் குடும்பம் கட்டிய காசு இது.

2026 வரவு செலவுத் திட்டத்தில் நாள் சம்பளத்தை 1,550 ரூபாயாக்கி, வருகைக்கு 200 ரூபாய் ஊக்குவிப்பும் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் வருகை என்றால் மலைக்கு வருவதுதான். பிள்ளையின் கட்டில் அருகில் நின்ற தாய்க்கு இப்போது ஒரு நாளுக்கு 1,750 ரூபாய் போகும். சம்பளம் கூடக் கூட, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்குக் கொடுக்கும் விலையும் கூடுகிறது.

"தோட்ட வேலையிலா அடிபட்டது? அது குடும்ப விஷயம்" என்று துரைமார் சொல்வார்கள். நம்முடைய கூட்டத்திலேயே ஒரு அண்ணன் அப்படிச் சொன்னார். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் அடிபட்டவருக்குத்தான், இந்தப் பிள்ளைக்கு இல்லை. சரி. ஆனால் பிள்ளை பெறுவதும் ஒரு காலத்தில் குடும்ப விஷயமாகத்தான் இருந்தது. 1939 ஆம் ஆண்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று 84 நாள் லீவு நம் பெண்களின் உரிமை. பிள்ளைக் காம்பராவும் அப்படித்தான். பெற்றெடுக்க லீவு கேட்கலாம் என்றால், பெற்ற பிள்ளை படுத்துவிட்டால் எழுப்பிவிட லீவு கேட்பதில் என்ன குற்றம்? அந்தப் பிள்ளை விழுந்ததும் தோட்டத்துப் பாதையில்தான்.

சங்கத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. நாம் ஆஸ்பத்திரிக்குப் பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டு போனோம். போட்டோ எடுத்தோம். லயத்தில் துண்டு ஏந்தி 18,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தோம். கொடுத்த கைகள் நல்ல கைகள். ஆனால் அடுத்த முறை அடுத்த வீட்டுக்கு மறுபடி துண்டு ஏந்துவதற்குச் சங்கம் தேவையில்லை. சந்தா கொடுக்கும் தாய் தலைவரிடம் கேட்க வேண்டியது உரிமை.

ஆகவே, அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் இவற்றை மேசையில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து:

1. பிள்ளையோ, துணையோ, பெற்றோரோ பாரதூரமாக அடிபட்டால் அல்லது நோயுற்றால், பராமரிப்பவருக்கு வருடத்துக்கு 30 நாளாவது சம்பளத்துடன் லீவு. அந்த நாட்களை வேலை நாளாகவே கணக்கிட்டு, வருகைக் கொடுப்பனவிலும் வெட்டு விழாமல் பார்க்க வேண்டும்.

2. கிளினிக் நாளில் தோட்டத்து வாகனம்.

3. ஒருவர் துண்டு வெட்டி வீடு வந்த கிழமையே, தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் லயத்துக்கு வந்து பார்த்து, படிக்குக் கைபிடி, கக்கூசுக்குக் கதிரை போன்றவற்றைச் செய்து தர வேண்டும்.

4. பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கும் பாதைகளைத் தோட்ட நிர்வாகம் மழைக்கு முன் திருத்த வேண்டும்.

அதுவரை, இப்போது இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுரக்ஷா என்ற காப்புறுதித் திட்டம் 2017 இல் தொடங்கப்பட்டது. பிள்ளை ஆஸ்பத்திரியில் நின்றால் உடனே அதிபரிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றையும் எறியாதீர்கள். கையில் அடிபட்டு எழுத முடியாத பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சையில் சலுகை கேட்டுப் பாடசாலை மூலம் விண்ணப்பிக்கலாம். காலோ கையோ பழையபடி வராவிட்டால், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். உடற்குறையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்காமல் விடக் கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் தமிழில் சொல்லுங்கள் என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். 64 படியையும் தனியாக இறங்குகிறாள். பதினோராம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். போன மாதம் கணிதத்தில் 71 புள்ளி.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டித் தலைவரையும் மாதர் சங்கத் தலைவியையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் லயங்களில் இன்று வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டு பேர் இழப்பவர்கள் எத்தனை பேர், இந்த வருடம் எத்தனை நாள் இழந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தக் கொப்பிகள் நம் கையில் இருக்க வேண்டும்.