கறுப்புக் கண்ணாடி அம்மையார்

அன்னா வின்டூர் என்ற பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அந்த உருவம் தெரிந்திருக்கும். ஸ்கேல் வைத்து வெட்டியது போல நெற்றியில் விழும் முடி, அறைக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி, பேஷன் ஷோவில் முதல் வரிசை நாற்காலி. 1988 முதல் 2025 வரை 37 வருஷம் அமெரிக்க வோக் பத்திரிகையின் தலைமை ஆசிரியர். அணு யுத்தத்துக்குப் பின் வரும் குளிர்காலத்தின் ஆங்கிலப் பெயரோடு இவர் பெயரை முடிச்சுப் போட்டு 'நியூக்ளியர் வின்டூர்' என்று பட்டம் வைத்தார்கள். லண்டனில் பத்திரிகை ஆசிரியராக இருந்த அப்பாவுக்கு 'சில்லி சார்லி' என்று பெயர். அந்த 'சில்லி'க்கு முட்டாள் என்று அர்த்தமில்லை, நம் ஊர் 'சில்'தான்! ஆக, குளிர் பரம்பரைச் சொத்து.

இவரிடம் உதவியாளராக வேலை பார்த்த லாரன் வைஸ்பெர்கர் 2003-ல் 'தி டெவில் வேர்ஸ் பிராடா' நாவலை எழுதினார். 2006-ல் அது படமானது. மெரில் ஸ்ட்ரீப் வெள்ளை முடியோடு, குரலை உயர்த்தாமலே எல்லோரையும் நடுங்க வைத்தார். அந்தப் படத்தைப் பார்க்க அம்மையார் பிராடா உடையிலேயே வந்து உட்கார்ந்தார். குசும்புதான், ஆனால் ரசிக்கத்தக்க குசும்பு. அன்றிலிருந்து கதையில் வரும் மிராண்டாவும் நிஜ அன்னாவும் பலருக்கு ஒருவராகவே ஆகிவிட்டார்கள். நாவலில் நடந்ததையெல்லாம் இவர் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இங்கே ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதே கணக்கு. ஆண் முதலாளி முகம் கொடுத்துப் பேசாவிட்டால் 'கறாரான மனுஷன்'. பெண் அதையே செய்தால் ராட்சசி. ஸ்டீவ் ஜாப்ஸ் ஊழியர்களிடம் எரிந்து விழுந்ததை மேதையின் அடையாளமாக எழுதியவர்கள்தான், அன்னா லிப்டில் பேசமாட்டார் என்பதை ஒரு குற்றப்பத்திரிகை போலப் படித்தார்கள்.

அதற்காக அம்மையாரை அப்பாவி என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் பயப்பட வேண்டியது கண்ணாடியைப் பார்த்தல்ல.

வேலை தெரிந்தவர், அதில் சந்தேகமில்லை. 1988 நவம்பரில் வந்த இவருடைய முதல் அட்டையில் 10,000 டாலர் மதிப்புள்ள கிறிஸ்டியன் லக்ருவா மேல்சட்டையும் 50 டாலர் ஜீன்ஸும் ஒரே பெண்ணின் உடம்பில் இருந்தன. அச்சகத்திலிருந்து போன் போட்டு, "தவறு ஏதும் நடந்துவிட்டதா?" என்று கேட்டார்களாம். பணக்கார வீட்டு அலமாரியையும் கல்லூரிப் பெண்ணின் கொடியையும் ஒரே படத்தில் சேர்த்தது அன்றைக்குப் பெரிய விஷயம்.

சரி, பணத்துக்கு வருவோம். வோக்கின் 2007 செப்டம்பர் இதழ் 840 பக்கம். அதில் முக்கால்வாசிக்கும் மேல் விளம்பரம். துணிக் கம்பெனி விளம்பரம் கொடுக்கிறது, பத்திரிகை அந்தத் துணியைப் பற்றி எழுதுகிறது, கடைக்காரர் அதைப் படித்துச் சரக்கு எடுக்கிறார். இந்த மூன்று பேருக்கும் நடுவில் ஒரே ஒருவர் நின்றால் அவர் வெறும் ஆசிரியரா? தரகர், ஆலோசகர், ஜாமீன்தாரர் எல்லாம் அவரே. 1994-ல் கையில் காசில்லாமல் நின்ற ஜான் கல்லியானோவுக்குப் பண உதவி ஏற்பாடு செய்து, பாரிஸில் ஒரு சீமாட்டியின் காலி மாளிகையில் ஷோ நடத்த வழி செய்தார். இரண்டே வருஷத்தில் அவர் டியோர் நிறுவனத்துக்கே தலைமை வடிவமைப்பாளர். 2003-ல் இளம் வடிவமைப்பாளர்களுக்கென நிதி ஒன்று தொடங்கக் காரணமாக இருந்ததும் இவர்தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்குக் கோடி கோடியாகப் பணம் திரட்டிக் கொடுத்தார். 2014-ல் அந்தப் பிரிவின் கூடங்களுக்கு இவர் பெயரையே வைத்தார்கள். எதுவும் சும்மா கிடைத்த மரியாதை இல்லை.

ஆனால் ஒருவர் 'சரி' என்றால் வாழ்வு என்று ஆகிவிட்ட தொழிலில், அந்த 'சரி' கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கலே. 1989 செப்டம்பர் இதழின் அட்டையில் நவோமி கேம்பலைத் துணிந்து போட்டவர் இவர். ஆனால் ஒரு கறுப்பினப் புகைப்படக்காரர் எடுத்த படம் வோக் அட்டைக்கு வர 2018 ஆகிவிட்டது. பத்திரிகை பிறந்து 126 வருஷம், அதில் கடைசி 30 வருஷம் இவர் ராஜ்ஜியம். 2020 ஜூனில், கறுப்பினத்தவருக்குப் போதிய இடம் தரவில்லை என்று ஊழியர்களுக்குக் கடிதம் எழுதி வருந்தினார். அதே டிசம்பரில் பதவி உயர்வு!

இதைவிடக் கசப்பானது 2011 விவகாரம். சிரியா அதிபர் பஷார் அல் ஆசாத்தின் மனைவியைப் பாலைவனத்து ரோஜா என்று புகழ்ந்து வோக் கட்டுரை போட்டது. அடுத்த மாதமே அந்த நாட்டில் எதிர்ப்பாளர்கள் சுடப்பட்டார்கள். கட்டுரை இணையத்திலிருந்து காணாமல் போனது. எழுதிய ஜோன் ஜூலியட் பக்கின் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. அச்சுக்கு அனுப்பிய ஆசிரியரின் நாற்காலியோ ஒரு இஞ்ச்கூட நகரவில்லை. உதவியாளரிடம் கோட்டை வீசியதாகக் கதை கட்டியவர்கள் பேச வேண்டிய இடம் இதுவல்லவா?

2009-ல் வந்த 'தி செப்டம்பர் இஷ்யூ' ஆவணப்படத்தில் ஒரு காட்சி. கேமராமேனையே ஒரு படத்துக்குள் குதிக்க வைத்திருந்தார் கிரேஸ் காடிங்டன். அந்த மனிதரின் தொப்பையைக் கம்ப்யூட்டரில் குறைக்க வேண்டும் என்றார் அன்னா. கிரேஸ் நேராகப் போனை எடுத்து, தொப்பை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இருந்தது! எதிர்த்துப் பேசுபவரை 20 வருஷத்துக்கு மேல் பக்கத்திலேயே வைத்திருக்கத் தெரிந்தவரை முழு ராட்சசி என்று எப்படிச் சொல்வது? அதே படத்தில், கூடப் பிறந்தவர்கள் தன் வேலையை ஒரு வேடிக்கையாகத்தான் பார்க்கிறார்கள் என்று சொல்லும்போது அந்த முகம் லேசாக வாடுகிறது. கண்ணாடி இல்லாத முகம்.

2025-ல் தலைமை ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். 1988-ல் இவருக்கு வழிவிட்ட கிரேஸ் மிராபெல்லா, தன் வேலை போன செய்தியையே டிவி மூலம்தான் தெரிந்துகொண்டார். அன்னாவுக்கு அப்படியெல்லாம் ஆகவில்லை. புதிதாக வந்த க்ளோயி மாலுக்குத் தலைமை ஆசிரியர் என்ற பட்டம்கூடத் தரப்படவில்லை. உலக வோக் பதிப்புகள் அத்தனைக்கும் மேலே இருக்கும் பொறுப்பை அன்னா தன்னிடமே வைத்துக்கொண்டார்.