கண்டமங்கலத்தில் குற்றம், அரியூரில்?

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் அரியூர் வரை புதுச்சேரி. அதைத் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. இன்னும் கொஞ்ச தூரத்தில் திருவண்டார்கோவில், திருபுவனை என்று மறுபடி புதுச்சேரி வந்துவிடுகிறது. கடன் வசூலுக்குக் கிளம்பும் பைக் இந்த எல்லைகளையெல்லாம் ஒரே காலைப்பொழுதில் கடந்துவிடும். சட்டம் அப்படிக் கடப்பதில்லை. கடன் வாங்கியவரையோ அவர் குடும்பத்தாரையோ மிரட்டி வசூலித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டுவிட்டது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநர் ஒப்புதலோடு ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதே மிரட்டல் அரியூரில் நடந்தால் அந்தச் சட்டம் கிட்டே வராது.

புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களில் கடன் வாங்காத வீடு அபூர்வம். ஏஎஃப்டி துணி ஆலையை 2020ல் மூடினார்கள். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடாமல் போனது. நிலையான சம்பளம் போன வீடுகளில் பள்ளிக் கட்டணமும் பிரசவச் செலவும் நிற்கவில்லை. ஆதார் அட்டையும் நான்கு பெண்களும் இருந்தால் போதும், வாசலுக்கே வந்து பணம் தரும் குழுக்கடன் அங்கேதான் நுழைந்தது. கடன் கொடுப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதில் இந்தப் பெண்களுக்கும் சந்தேகம் இல்லை. மானம் போய்விடும் என்ற பயத்தில் தாலியில் இருக்கும் குண்டுமணி தங்கத்தையும் அடகு வைத்துத் தவணை கட்டுகிறவர்கள் அவர்கள்.

கணுவாப்பேட்டையோ கூடப்பாக்கமோ, குழுக் கூட்டம் எங்கும் ஒரே மாதிரிதான். ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மடியில் கடன் அட்டை. ஒருத்தியின் தவணை குறைந்தால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. ‘அவங்க கட்டுற வரைக்கும் யாரும் போகக்கூடாது’ என்று சொல்லிவிட்டு வசூல்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்தவள், வேலைக்கு வேன் பிடிக்க வேண்டியவள் எல்லாம் அந்த ஒருத்தியைத் திட்டத் தொடங்குவார்கள். கையெழுத்து வாங்கும்போது ‘அக்கா, இங்க ஒண்ணு போடுங்கக்கா’ என்றவர், தவணை தவறிய அன்று ‘ஏம்மா, வாங்கும்போது இனிச்சுதா?’ என்பார். அக்கம்பக்கத்து உறவையே ஈடாக வைத்து நடக்கும் வசூல் இது.

ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட நுண்கடன் விதிகள் அந்த ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது. ஓயாமல் அழைக்கக்கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல் கூடாது. சொந்தக்காரர், சிநேகிதர், கூட வேலை செய்பவர் ஆகியோரைத் தொந்தரவு செய்யக்கூடாது. கடன் வாங்கியவர் பெயரை ஊரறிய வெளியிடக்கூடாது. இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம். தாமதக் கட்டணத்தைத் தவறிய தவணைத் தொகைக்குத்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் அல்ல. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடனே கொடுக்கக்கூடாது. இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. எந்தக் குழுக் கூட்டத்திலும் இதை யாரும் படித்துக் காட்டுவதில்லை.

ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிறுவனங்களை இந்த விதி கட்டும். நாள் தவணைக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரரைக் கட்டாது. பத்தாயிரம் தண்டலில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். ஆயிரம்தானே போகிறது என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 77 விழுக்காடு. அதற்கு ஈடாக வெற்றுப் புரோநோட்டும் தேதி, தொகை எழுதாத காசோலையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பின்னாளில் அதில் எந்தத் தொகை ஏறும் என்பது எழுதுபவர் மனதைப் பொறுத்தது. தொகை எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், கடன் முடிந்த அன்றே திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

கேட்கும் தொகையே சரியா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் நம் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கட்டிய தவணை அட்டையில் ஏறியிருக்காது. வாங்கிய பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். புதிதாக வந்தவர் இரண்டு மாத பாக்கி என்பார். குழுத் தலைவி இன்னொருத்தியின் ஆதாரையும் கைரேகையையும் வைத்துத் தன் தேவைக்குக் கடன் எடுத்திருப்பார். தவணை தவறிய பிறகுதான் பெயருக்குரியவளுக்கே விஷயம் தெரியும். எனக்கு மனம் ஆறாதது இன்னொன்று. கடன் கொடுக்கும்போதே காப்பீடு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கடன் வாங்கியவரோ, காப்பீட்டில் சேர்த்திருந்தால் அவர் கணவரோ இறந்துபோனால் மீதிக் கடனை அடைப்பதற்குத்தான் அந்தப் பணம். ஆனால் காரியம் முடிவதற்குள் வசூலுக்கு வந்து நிற்கிறார்கள். இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் கடன் தீரும் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் சாவு விழுந்தால் முதலில் அட்டையைப் பாருங்கள், காப்பீட்டுத் தொகை பிடித்திருக்கிறார்களா என்று. ஜாமீன் கையெழுத்துப் போடாத வாரிசுக்கு, இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் பொறுப்பு. அதற்கு மேல் கேட்க முடியாது.

பழைய கடனுக்கும் ஒரு கெடு உண்டு. கட்ட வேண்டிய தேதியிலிருந்தோ கடைசியாகக் கட்டிய நாளிலிருந்தோ மூன்று ஆண்டு கடந்துவிட்டால் பொதுவாக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. ‘சும்மா ஐந்நூறு கட்டி ஒரு கையெழுத்துப் போடும்மா’ என்று அந்த மூன்றாண்டு முடியும் முன்பே வந்து கேட்பதன் காரணம் இதுதான். அந்தக் கையெழுத்து விழுந்ததும் கெடு புதிதாக ஓடத் தொடங்கிவிடும்.

தொகையில் சந்தேகம் இருந்தால் வாசலில் நின்று வாதாட வேண்டாம். எழுதிக் கேளுங்கள், அதுவும் தமிழிலேயே: ‘நீங்கள் கேட்கும் தொகையை நான் ஏற்கவில்லை. கடன் ஒப்பந்த நகல், நான் கட்டிய தவணைகளின் முழுக் கணக்கு, வசூலுக்கு வருபவரின் அங்கீகாரக் கடிதம் ஆகியவற்றைத் தரவும். அதுவரை வீட்டுக்கு வந்தோ உறவினரிடமோ பேச வேண்டாம்.’ இதை விரைவுத் தபாலில் கிளை அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. வழிமுறை கேட்க 14448. வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்: சிபில், கிரிஃப் ஹைமார்க் போன்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு என்று புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. செல்போன் கடன் ஆப் மூலம் மிரட்டினால், படத்தை மாற்றி அனுப்பினால், உடனே 1930க்கு அழையுங்கள்.

காவல் நிலையத்துக்குப் போனால் பல நேரம் கிடைக்கும் பதில், ‘இது பணப் பிரச்னைம்மா, கோர்ட்டுக்குப் போங்க’ என்பதுதான். பணம் கோர்ட் விஷயம்தான், மறுக்கவில்லை. மிரட்டல் அப்படி அல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351, வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தால் 329, பெண்ணின் மானத்தைக் குலைக்கும் பேச்சுக்கு 79 என்று பிரிவுகள் இருக்கின்றன. வழக்குப் பதிய மறுத்தால், புகாரை எழுத்தாகத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பும் உரிமையைப் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு தருகிறது. தேதி, நேரம், பேசிய வார்த்தை, பார்த்தவர் யார் என்று அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.

இத்தனையையும் ஒரு பெண் தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஊராட்சித் தலைவர் பதவியில் இருந்தால் அவர் வீட்டுக் கதவையாவது தட்டலாம். புதுச்சேரியில் 2006ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இந்தப் பெண்களுக்காகப் போய்ப் பேச தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர்கூடக் கிடையாது. அதனால்தான் அரசை நேரடியாகக் கேட்கிறோம். தமிழ்நாட்டுச் சட்டத்தைப் போல ஒன்றைப் புதுச்சேரி சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும்; அதில் தண்டல்காரரும் பதிவில்லாமல் கடன் கொடுப்பவரும் கட்டாயம் அடங்க வேண்டும். யூனியன் பிரதேசம், டெல்லி ஒப்புதல் வேண்டும் என்பதெல்லாம் தெரியும். மசோதாவைக் கொண்டுவந்தால்தானே ஒப்புதல் கேட்க முடியும்?

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. வில்லியனூர், பாகூர் தாலுகா அலுவலகங்களில் மாதம் ஒருநாள் வருவாய்த் துறை, காவல் துறை, சட்டப் பணிகள் ஆணையம் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து கடன் அட்டையோடு வரும் பெண்களின் கணக்கைச் சரிபார்க்கட்டும். ஊருக்குள் வசூல் நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும், தன் வசூல்காரர்களின் பெயர்ப் பட்டியலை அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுக்கட்டும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம், ரேஷன் கடை, அங்கன்வாடி மூன்றின் சுவரிலும் 9 மணி, 6 மணி விதியைப் பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே 14448, 15100, 1930 என்ற எண்களை எழுதி வைக்கட்டும். ஒரு டப்பா பெயின்ட் போதும் இதற்கு. எந்த மசோதாவும் தேவையில்லை.