கரும்பாம்புக்குப் பெண் தேடுவோருக்கு

பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் 'மணமகள் தேவை' விளம்பரங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சிவந்த நிறம், நல்ல குடும்பம், இன்ன சமூகம் என்று எழுதிக் கொடுப்பார்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்துவதோடு என் வேலை முடிந்துவிடும். அதே பாணியில் இப்போது எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. தேவை பெண்தான், நிறம் மட்டும் தலைகீழ். ஒரு புள்ளியோ கோடோ இல்லாத கன்னங்கரிய நிறம் வேண்டுமாம். வம்சம் கலப்பற்றதாக இருக்க வேண்டும், வயது மூன்றுக்குக் குறையக்கூடாது. மாப்பிள்ளை பல்லேகலவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார்.

அவர் ஒரு மெக்ஸிகோ கறுப்புக் கிங்ஸ்னேக். ராஜநாகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது நஞ்சற்றது. வடமேற்கு மெக்ஸிகோவின் சொனோரா, சினலோவாப் பகுதிகளுக்கு உரியது. குஞ்சாக இருக்கையில் ஆங்காங்கே வெளிர் புள்ளிகள் தெரியும். வளர வளர அவை மறைந்து, எண்ணெய் பூசியது போன்ற கருமை ஏறிவிடும். அழகான பிராணி என்பதை நான் மறுக்கவில்லை. மின்னஞ்சல் எழுதிய இளைஞரும் பண்பானவர். நண்பர் ஒருவர் கொடுத்ததாம். எங்கிருந்து வந்ததென்று கேட்கவில்லையாம். "உங்களுக்குத் தொடர்புகள் உண்டே ஐயா, ஒரு பெண்ணை வரவழைக்க வழி சொல்லுங்கள், தனியாக இருப்பது பாவம்" என்கிறார். பெயர் சொல்லாமல் இங்கேயே பதில் எழுதுகிறேன், ஏனெனில் இப்படிக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

முதலில் அந்தப் 'பாவம்' பற்றி. கிங்ஸ்னேக் தனித்து வாழும் உயிர். பிற பாம்புகளை விழுங்குவது அதன் இயல்பு. தன் இனத்தையும் விட்டுவைப்பதில்லை. இனப்பெருக்கம் செய்வோர் இரண்டுக்கும் வயிறு நிறைய இரை கொடுத்த பின்னரே ஒரே பெட்டியில் விடுவார்கள், பக்கத்திலேயே காவலும் இருப்பார்கள். இல்லையேல் மணவறையில் ஒருவர்தான் மிஞ்சுவார். அதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதங்கள் ஏறக்குறைய 12 பாகை செல்சியஸ் குளிரில் உறங்க வைக்க வேண்டும். கண்டியின் மார்கழிப் பனியும் அதற்குப் போதாது, குளிர்சாதனப் பெட்டிதான் கதி. அதன் பின் முட்டைகள். அவற்றை 60 முதல் 70 நாட்கள் வரை இளஞ்சூட்டில் வைத்துப் பொரிக்க வேண்டும். இத்தனை பாடும் யாருடைய தனிமையைப் போக்குவதற்கு? ஒரு சோடியிலிருந்து ஒரு தடவையில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் கிடைக்கும். அவற்றுக்கு விலை உண்டு. பேச்சு அங்கேதான் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இன்றி ஊர்வன எதையும் இந்நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. "சைட்டிஸ் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் கிங்ஸ்னேக் இல்லையே" என்று உடனே ஒரு வாதம் வரும். இல்லைதான். அந்தப் பட்டியலில் இல்லாததால் நம் நாட்டுச் சட்டம் செல்லாமல் போய்விடுமா? கடைசியில் இவை வந்து சேருவது பயணப் பொதிகளில்தான். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பெண்ணின் பொதியில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் பாங்கொக்கிலிருந்து பெங்களூருக்கு வந்த பொதியில் 72 பாம்புகள். கூடவே ஆறு குரங்குகளும் செத்துக் கிடந்தன. 'சட்டப்படி ஒரு பெண்' என்று நண்பர் கேட்பது இந்தச் சந்தையிடம்தான்.

நிற்க. "கூண்டில் பிறந்தது, கூண்டிலேயே இருக்கும், காட்டுக்கு என்ன கேடு?" என்பதுதான் இவர்களுடைய பெரிய வாதம். கனாரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனாரியாவைப் பாருங்கள். அங்கேயும் வீட்டில் வளர்த்தவைதாம், கலிபோர்னியா கிங்ஸ்னேக்குகள். 1998இல் முதன்முறையாக வெளியிடத்தில் கண்டார்கள். அவற்றுள் வெள்ளை நிறத்தவை பல இருந்தன. வளர்ப்போர் ஆசையாகத் தெரிந்தெடுத்த அந்த நிறமே அவை எங்கிருந்து வந்தன என்பதற்குச் சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் ஆண்டுக்கணக்கில் பிடித்தார்கள், ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள், இன்னும் தீரவில்லை. அத்தீவுக்கே உரிய பேரோணான் பாம்பு பரவிய இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்துபோனதாக 2021இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. யாரும் வேண்டுமென்று தீவைக் கெடுக்கவில்லை. யாரோ பெட்டியைச் சரியாக மூடவில்லை, அவ்வளவுதான்.

அங்கே உள்நாட்டுப் பாம்பே இல்லை, ஆகவே ஓணான்களுக்குத் தப்பத் தெரியவில்லை, இங்கே அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஓணான்களுக்குப் பாம்பு புதிதல்ல. ஆனால் வரப்போவது பாம்பையே தின்னும் பாம்பு. மலையகத் தோட்ட மண்ணுக்குள் மண்புழு தின்று வாழும் சின்னஞ்சிறு பாம்புகள், உலகில் வேறெங்கும் இல்லாதவை, அதன் வாய்க்கு நல்ல அளவு. பாலைவனத்துப் பிராணி நம் ஈரத்தில் பிழைக்காது என்றும் சொல்லிப் பார்க்கிறார்கள். இதன் நெருங்கிய உறவினம் புளோரிடாவின் சதுப்பில் வாழ்கிறது.

பல்லேகலவிலிருந்து திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய என்று ஏறிப் போனால் தும்பறை மலைகள், அதாவது நக்கிள்ஸ். 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. மூக்கின் நுனியில் இலை வடிவக் கொம்புள்ள ஓணான் ஒன்று அங்கே மட்டும் இருக்கிறது. முட்டையிடாமல் குட்டி போடும் குள்ள ஓணான் ஒன்றும் அங்கே மட்டும்தான். அதற்கு அறிவியற் பெயர் கிடைத்ததே 2006இல். விரலளவு உயிர்கள் இவை. இலங்கை அரசு வணிகத்துக்காக ஒன்றைக்கூட ஏற்றுமதி செய்ய அனுமதித்ததில்லை. அப்படியிருந்தும் ஐரோப்பியச் சந்தையில் இலங்கை ஓணான்கள் விலைக்குப் போயின, 'கூண்டில் பிறந்தவை' என்ற அதே முத்திரையோடு. ஜோர்டி ஜான்சனும் நம் அன்ஸ்லம் டி சில்வாவும் 2019இல் இந்த வணிகத்தை ஆராய்ந்து எழுதினார்கள். அதே ஆண்டு ஜெனீவாவில் இலங்கை வாதாடி, தும்பறையின் இவ்விரண்டையும் சைட்டிஸ் முதலாம் பட்டியலில் சேர்த்தது. கூண்டுப் பிறப்பு என்ற பொய்யால் நம் ஓணான் களவு போகிறதென்று உலக மன்றத்தில் முறையிட்டுவிட்டு, அதே சொல்லை நம்பி மெக்ஸிகோப் பாம்புக்கு இங்கே மணப்பந்தல் போடுவோமா?

மீன் விடயத்தில் இந்தப் பாடத்தை ஏற்கெனவே காசு கொடுத்துப் படித்தாயிற்று. தொட்டி அழகுக்கு வந்த பெரும் விரால் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் பெருகி, அதைப் பிடிப்பதற்கென்றே 2025இல் தூண்டில் போட்டி வைக்கும் நிலை வந்தது. பாம்புக்குத் தூண்டில் கிடையாது.

அதிகாரிகளுக்கும் ஒரு சொல். வீடுகளில் ஏற்கெனவே இருப்பவற்றை வனஜீவராசிகள் திணைக்களம் ஒரு தவணை கொடுத்துப் பதிவு செய்யட்டும். வைத்திருப்பவர் பயந்துபோய் இரவில் பற்றைக்குள் விட்டுவிடுவதைக் காட்டிலும் அது மேல். இந்தியா 2020இல் இப்படியொரு தவணை கொடுத்தது. ஆனால் அங்கே புதிய பிறப்பையும் பதியலாம் என்றிருந்ததால், நேற்றுக் கடத்தி வந்ததை இன்று பிறந்ததாகக் காட்ட வாசல் திறந்தே கிடந்தது. நாம் பதிவோடு இனப்பெருக்கத் தடையையும் சேர்க்க வேண்டும்: குஞ்சும் கூடாது, கைமாற்றமும் கூடாது.

பல்லேகல நண்பருக்கு: உங்கள் பாம்பு நன்றாகப் பராமரித்தால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள், வேளைக்கு எலி கொடுங்கள், திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். பெண் பார்க்கும் வேலையை விட்டுவிடுங்கள்.