கடைப்பக்கத்தில் எழுத வேண்டியவை

நம் சங்கத்துச் சகோதரிகள் சிலர் வீட்டில் அரைத்த பருப்புப் பொடியை இணையத்தின் வாயிலாக விற்று வருகின்றனர். அவர்தம் விற்பனைப் பக்கங்களைக் கண்ணுற்றோம். படம் அழகு, ‘பாட்டியின் கைமணம்’ என்ற வரியும் உண்டு. எத்தனை கிராம் என்பதைத்தான் காணோம்! பொட்டலப் பொருளின் நிகர எடை, விலை, தயாரிப்பவர் முகவரி ஆகியவற்றை இணையப் பக்கத்திலேயே காட்டுதல் 2018 முதல் சட்டப்படி கடமையாகும்.

அதனினும் முக்கியமானது சேர்மானம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர் அஃதறியாது உண்டால் துன்புறுவாரன்றோ? ஆகவே, சேர்த்த பொருள் ஒன்றையும் விடாது எழுதுக.

சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து உண்ணும் முறையை அவ்வூர் மொழியிலும் ஒரு வரி குறிப்பது நலம். நாம் அன்போடு அளித்த பொடியை அண்டைவீட்டார் பாலில் கலக்கிப் பருகினர்!