வீல் பேலன்ஸிங் பார்க்கிற தம்பி கேட்ட கேள்வி

நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரு விண்கலச் சண்டை. 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் வரும் எண்டூரன்ஸ் என்ற கலம் நிஜத்தில் தாங்குமா, தாங்காதா? 2014இல் வந்த படம், 2025 பிப்ரவரியில் திரும்பத் திரையிட்டார்கள் என்று யாரோ ஆரம்பித்து வைத்தது, நிற்கவே இல்லை. "ரிட்டயர் ஆன வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்று என் மைத்துனர் கேட்கிறார். தேவைதான் மாமா. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வரும்போது பிள்ளைகள் சுழலும் வளையத்தைப் பற்றி சண்டை போடுகிறார்கள். இயற்பியல் நடத்தியவனுக்கு வேறு என்ன வேண்டும்?

படம் பார்க்காதவர்களுக்கு: எண்டூரன்ஸ் 12 பெட்டிகளை வட்டமாகக் கோர்த்த ஒரு வளையம். குறுக்களவு சுமார் 64 மீட்டர். நிமிடத்துக்கு 5.6 சுற்று சுற்றும். அப்போது உள்ளே இருப்பவர்கள் வெளிப்பக்கமாக அழுத்தப்பட்டு, பூமியில் நிற்பதுபோல ஏறத்தாழ அதே எடையோடு நிற்பார்கள். ராட்டினத்தில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் தகராறு: கலம் முழுவதும் சுற்ற வேண்டுமா, உள்ளே ஒரு பகுதி மட்டும் சுற்றினால் போதாதா? கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும் குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய 1968ஆம் ஆண்டுப் படத்தில், '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில், கலம் சுற்றாது, உள்ளே ஒரு உருளை மட்டும் சுற்றும். பார்க்க அழகு. ஆனால் நிற்பதற்கும் சுற்றுவதற்கும் நடுவில் பேரிங் வேண்டும். பேரிங் என்றால் தேய்மானம், தேய்மானம் என்றால் கிரீஸ். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சோலார் பலகைகளைச் சூரியன் பக்கம் திருப்பும் பெரிய மூட்டு ஒன்றில் 2007இல் இரும்புத்துகள் கொட்டிக் கிடந்தது. 2008 நவம்பரில் அதைத் துடைத்து கிரீஸ் போட வீராங்கனை ஒருவர் வெளியே போனார். பைக்குள் கிரீஸ் கன் கசிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கருவிப்பை மொத்தமும் கைவிட்டு மிதந்து போய்விட்டது. மெயின்டனன்ஸில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்தார்கள். ஆகவே என் ஓட்டு முழுக்கலமும் சுற்றுகிற எண்டூரன்ஸுக்குத்தான். அங்கே அந்தப் பேரிங்கே கிடையாது. அதற்கு விலை, வந்து இணைகிற சிறு கலமும் அதே வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது.

அந்த இணைப்புக் காட்சியில்தான் இரண்டாவது தகராறு. டாக்டர் மேன் செய்த கூத்தில் வளையத்தின் ஒரு பக்கம் வெடித்து, கலம் 67, 68 ஆர்பிஎம்மில் சுற்ற ஆரம்பிக்கிறது. 5.6 எங்கே, 68 எங்கே? வேகம் 12 மடங்கு. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து கத்தியிருக்கிறேன். 12ஐ 12ஆல் பெருக்குங்கள், 144. வளையத்தில் நிற்கும் 60 கிலோ ஆள் எட்டு, ஒன்பது டன் எடை காட்டுவார். ஒரு லாரி எடை. "தாங்காது சார், படம் டுபாக்கூர்" என்று பொறியியல் பட்டம் பெற்ற ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அப்போதுதான் டயர் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தம்பி ஒருவர் எழுதினார்: "கார் 100 கிலோமீட்டரில் போகும்போது டயரின் வெளிவிளிம்பில் 260 மடங்கு வருதே சார், டயர் தாங்குதே?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான். 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 880 சுற்று போகும். அதனால்தான் ரிம்மில் 10 கிராம் எடை ஒரு பக்கம் கூடினாலும் ஒன்றே முக்கால் கிலோவாக இழுத்து ஸ்டியரிங்கை ஆட்டுகிறது. அப்படியென்றால் மடங்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெறும் வளையத்தின் இழுவிசை அதன் விளிம்பு ஓடும் வேகத்தைப் பொறுத்தது. டயர் விளிம்புக்கு 100 கிலோமீட்டர், எண்டூரன்ஸ் விளிம்புக்கு 800க்கு மேல். அதற்கும்கூட, உடையாத வெறும் வளையமாக இருந்தால் நல்ல அலுமினியக் கலவை தாங்கிவிடும். தாங்காமல் பிய்ந்து வருவது உள்ளே இருக்கும் தளம், தொட்டி, எந்திரம் எல்லாம்தான். பட்டக்காரர் சொன்ன தீர்ப்பு சரியாக இருக்கலாம், காரணம் போதாது.

தம்பி அதோடு விடவில்லை. "ஒரு பக்கம் வெடிச்சுப் போச்சுன்னா பேலன்ஸ் எங்க சார் இருக்கும்?" என்றார். ஆயிரக்கணக்கான சக்கரங்களுக்கு எடை வைத்துப் பார்த்த ஆள்தான் இதைக் கேட்பார். படம் எடுத்தவர்களுக்குப் பெரிய இயற்பியலாளர் கிப் தோர்ன் ஆலோசகர். அப்படியும் திரையில் இணைப்பு வாய் நட்டநடுவில் அசையாமல் சுற்றுகிறது. 12 பெட்டிகளில் ஒன்று போனதாகவும், நடுவில் எடையே இல்லை என்றும் வைத்துக்கொண்டால், சுழலும் மையம் ஏறத்தாழ 3 மீட்டர் நகர்ந்துவிடும். இணைப்பு வாய் அந்தப் புதிய மையத்தைச் சுற்றி மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் வட்டமடிக்கும். அதில் போய் எப்படி மாட்டுவது? நடுவில் கனமான எடை இருந்தால் குறையும், ஆனால் ஆட்டம் நிற்காது.

இதற்கு வந்த பதில் என்ன தெரியுமா? "வீல் மாட்டுறவனுக்கு விண்வெளி எதுக்கு? போய் ஷிப்டப் பாரு." மூன்று பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். தம்பி அன்று இரவே குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

எழுதியவர் என் மாணவர்தான், வெளியேறியவரும் என் மாணவர்தான். பெயர் சொல்ல மாட்டேன், இருவருக்கும் தெரியும். ஏட்டில் படித்தவர் 144 என்ற எண்ணோடு நின்றுவிட்டார். கையால் தொட்டவர் அடுத்த கேள்விக்குப் போனார். இந்தப் பக்கத் தொழிற்சாலைகளில் டிசைன் செய்கிறவர் ஒரு மேஜையில், மாட்டுகிறவர் ஒரு லைனில். இருவரும் ஒரே கேள்வியைப் பேசிய இடம் இந்தக் குழு ஒன்றுதான். அதையும் மூடிவிடாதீர்கள்.

தம்பிக்கு நேற்று போன் செய்தேன். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறார் என்று அவர் அம்மா சொன்னார். அட்மின் யாரோ, அவரைத் திரும்பச் சேருங்கள். சிரித்த மூன்று பேரும் ஒரு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் எத்தனை பெட்டியைக் கழற்றிவிட்டால் ஆட்டம் அடங்கும் என்பதைக் கணக்கோடு கமெண்டில் போடுங்கள். விடை வரும்வரை நான் தூங்கப் போவதில்லை.